கூரை மாற்ற எத்தனை நாள்?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். "கூரையை மாற்றிப் பார்" என்பதை ஏன் அத்துடன் சேர்க்காமல் விட்டார்கள் என்பது எனக்கு வெகு நாள் புரியவில்லை. இப்போது புரிகிறது. வீடு கட்டுகிறவன் வேறு எங்கேயாவது சௌக்கியமாகக் குடியிருந்துகொண்டு கட்டுகிறான். கூரையை மாற்றுகிறவனோ அதே வீட்டுக்குள் அடுப்பை வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். அந்த அவஸ்தை ஒரு பழமொழிக்குள் அடங்காது என்று விட்டுவிட்டார்கள் போலும்!

செங்கல்பட்டில் என் அக்கா தனியாக இருக்கிறாள். எங்கள் தாத்தா காலத்து மெத்தை வீடு. மழைக்காலம் வந்தால் கொல்லைப் பக்கத்து அறையில் ஒரு வாளி, ஒரு குண்டான், ஓர் அலுமினியத் தட்டு ஆகிய மூன்றும் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எது எங்கே ஒழுகும் என்பது அக்காவுக்கு மனப்பாடம். போன வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு ராத்திரி, உத்தரத்தின் ஓரமாக ஒரு கூடை காரை பெயர்ந்து, அக்கா வழக்கமாகத் தலை வைத்துப் படுக்கிற இடத்திலேயே விழுந்தது. நல்ல வேளை, அன்று புழுக்கம் தாங்காமல் அவள் கூடத்தில் படுத்திருந்தாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "ஏண்டா, இந்த மெத்தையை மாற்றினால் எத்தனை நாள் ஆகும்?"

இரண்டு நாளில் மூன்று பேரை விசாரித்தேன். முதல் ஆள், "பதினைந்தே நாள், ஸார்! தீபாவளியைப் புதுத் தளத்துக்குக் கீழே கொண்டாடலாம்" என்றார். இரண்டாவது ஆள், "ஒரு மாதம்" என்றார். மூன்றாமவர் தலை நரைத்த மேஸ்திரி. அவர் பதிலே சொல்லவில்லை. "எந்தக் கூரை? எந்த மாதம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்த இரண்டு கேள்விகளையும் மூட்டை கட்டிக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை ஒரு வாரம் சுற்றினேன். பார்த்ததையும் கேட்டதையும் கீழே எழுதியிருக்கிறேன். கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவர்களுக்கு உபயோகப்படலாம்.

ஒரு நாள் கூரை

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து மாமல்லபுரம் போனேன். அங்கிருந்து கடலோரமாக நடந்தால் மீனவர் குப்பங்கள் வரும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பல இடங்களில் கான்கிரீட் வீடுகள் எழும்பிவிட்டன. இருந்தாலும் வலை வைக்கவும், வெயில் நேரத்தில் சாய்ந்துகொள்ளவும் ஒரு கீற்றுக் கொட்டகை இல்லாமல் அவர்களுக்குச் சரிப்படுவதில்லை. கீற்றுக் குடிசையிலேயே வசிக்கிறவர்களும் உண்டு. அப்படி ஓர் ஆயாவின் குடிசைக்கு அன்று கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

காலை ஆறு மணிக்குப் பழைய கீற்றைப் பிரித்துத் தள்ளினார்கள். புழுதி ஓய்ந்ததும் மூங்கில்களைத் தட்டிப் பார்த்து, உளுத்துப் போனவற்றை மாற்றினார்கள். பிறகு இறவாணத்திலிருந்து ஆரம்பித்து மேலே மேலே வரிசை வரிசையாகக் கீற்றை வைத்துக் கட்டினார்கள். மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் நன்றாக ஏறி உட்கார வேண்டும். அந்த ஏற்றம் குறைந்தால் மழை உள்ளே வந்துவிடும். சூரியன் சாய்வதற்குள் முகடு மூடியாயிற்று. கடைசியில் ஒரு பழைய மீன்வலையைக் கூரைமேல் வீசிப் போர்த்தி, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினார்கள். காற்றுக்கு அதுதான் காவல்.

"ஆக, ஒரு நாள் வேலைதான் இல்லையா, ஆயா?" என்றேன்.

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வேய ஒரு நாளு. மட்டைய வாங்கி, பொளந்து, ஊறப் போட்டு, முடைஞ்சு அடுக்க ஒரு மாசம் ஆச்சே, அத்தக் கேட்டியா தம்பி?"

கேட்கத்தான் இல்லை! கூரை விஷயத்தில் நாம் எல்லோரும் செய்கிற தவறு இதுதான். ஏணி வைத்து ஆள் மேலே ஏறின நாளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்.

"எத்தனை நாளைக்கு வரும்?" என்று அடுத்தபடியாகக் கேட்டேன். "ரெண்டு மழ தாங்கினா பெரிசு" என்றாள். தென்னங்கீற்றின் ஆயுள் அவ்வளவுதான். பனையோலையாக இருந்தால் இன்னும் சில வருஷம் கூட வரும். புயல் வந்தால் அதுவும் இல்லை. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரை ஏறியது. அந்த இரவைப் பற்றி ஆயா சொன்னது ஒரே வாக்கியம்: "வேய ஒரு நாளு, பிச்சிக்கினு போவ ஒரு நிமிசம்."

காற்றைவிடப் பெரிய சத்துரு நெருப்பு. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை யாரால் மறக்க முடியும்? அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசாங்கம் கண்டிப்புச் செய்தது. குடிசை வீடுகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டங்களும் வந்தன. 2024-ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில், 2030-க்குள் கிராமங்களில் 8 லட்சம் வீடுகள் கட்டுவது, வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருவது என்று சொல்லப்பட்டது.

கல்லில் வேய்ந்த கீற்று

குப்பத்திலிருந்து திரும்பும் வழியில் ஐந்து ரதங்களைப் பார்க்கப் போனேன். எத்தனையோ தடவை பார்த்தவைதான். ஆனால் கூரையை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டு போனது இதுவே முதல் தடவை. திரௌபதி ரதம் என்கிற சின்னக் கோயிலைப் பாருங்கள். அசல் குடிசைக் கூரை! ஆயா வீட்டில் சற்று முன் நான் பார்த்த அதே சரிவு, அதே வளைவு. பக்கத்தில் பீம ரதத்துக்கு நீளமான வண்டிக் கூண்டு போன்ற கூரை. சகதேவ ரதத்துக்கோ பின்பக்கம் வளைந்த கூரை. படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி இருப்பதால் அதைத் தூங்கானை மாடம் என்பார்கள். பக்கத்திலேயே ஒரு கல் யானையும் நிற்கிறது.

7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் கண்ணெதிரே இருந்த மரக் கூரைகளையும் ஓலைக் கூரைகளையும் பார்த்துத்தான் இவற்றைக் கல்லில் செதுக்கினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. நாம் அஸ்திவாரத்தில் ஆரம்பித்துக் கூரையில் முடிக்கிறோம். அவர்கள் பாறையின் உச்சியில் ஆரம்பித்துக் கீழே வந்தார்கள். ஆகையால் கூரை முதலில் முடிந்துவிட்டது. சில ரதங்களின் அடிப்பாகம் இன்றும் முடியாமலே நிற்கிறது. 1,300 வருஷங்களுக்கு மேலாக மாற்ற வேண்டிய அவசியமே ஏற்படாத கூரை வேண்டுமானால், அதற்கு ஆகிற காலமும் அப்படித்தான் இருக்கும்!

ஓட்டு வீடும் மெத்தை வீடும்

அடுத்த நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே முட்டுக்காட்டுக்குப் போனேன். அங்கே 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னாட்டுப் பழைய வீடுகளை இருந்த ஊரில் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, காஞ்சிபுரத்து நெசவாளி வீடு என்று ஒரே சாயங்காலத்தில் ஊர் ஊராகப் போய் வரலாம். கூரைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஓட்டில் இரண்டு ஜாதி. குயவர் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓடு ஒன்று. மங்களூர் ஓடு இன்னொன்று. மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையை 1865-இல் பாஸல் மிஷன்காரர்கள் ஆரம்பித்தார்கள். நூறு சதுர அடிக்கு மங்களூர் ஓடு சுமார் 150 போதும். நாட்டு ஓடு அதைப்போலப் பல மடங்கு பிடிக்கும். பூனையும் குரங்கும் நடந்த வழியெல்லாம் அது நகர்ந்துவிடும். ஆகையால் பங்குனி, சித்திரையில் ஓட்டைப் பிரித்து, உடைந்ததைத் தள்ளி, மறுபடி அடுக்குவது அந்தக் காலத்தில் பல வீடுகளில் வருஷாந்தரத் திருவிழா. சுமாரான வீட்டுக்கு மூன்று நாலு ஆட்கள் இரண்டு மூன்று நாளில் செய்துவிடுவார்கள். கைமரமும் ரீப்பரும் உளுத்திருந்தால்தான் வேலை வாரக் கணக்கில் இழுக்கும்.

எங்கள் வீட்டு மெத்தையின் விஷயமே வேறு. வெள்ளைக்காரன் புத்தகங்களில் இதற்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். குறுக்கே மரக் கட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் சின்னஞ்சிறு மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் காரையில் பதித்துக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக் கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். மேலே தட்டோடு. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சித்தான் சுண்ணாம்பு கல்லாக இறுகும். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. ஒழுங்காகப் போட்டால் நூறு வருஷம் நிற்கும். எங்கள் தாத்தா போட்டது அப்படித்தான் நின்றது.

பிறகு ஏன் விழுந்தது? அதை நரைத்த மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். சுத்தியால் உத்தரக் கட்டையை நடுவில் தட்டினார், 'டங்' என்றது. சுவரோரம் தட்டினார்; 'பொத்' என்றது. "பார்த்தீர்களா ஸார்? நடுக் கட்டை இரும்பு மாதிரி இருக்கிறது. சுவருக்குள்ளே போகிற ஒரு சாண்தான் மக்கிப் போயிருக்கிறது. மேலே தண்ணீர் தேங்கி, சுவர் வழியாக இறங்கியிருக்கிறது. இந்த ஒரு சாணைப் பார்க்காமல் உள்ளே வெள்ளையடித்துக்கொண்டே இருந்துவிட்டீர்கள்!"

மெத்தை வீட்டில் இருக்கும் நேயர்கள் இந்த ஒரு சாணை மறக்க வேண்டாம்.

சீமையிலும் ஜப்பானிலும்

கூரைக்குக் காத்திருப்பது நாம் மட்டும்தானா என்று பார்த்தால், உலகம் முழுவதும் இதே கதைதான். பாரிஸ் நகரத்து நோத்ருதாம் மாதா கோயிலின் கூரை 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி எரிந்து விழுந்தது. ஓக் மரங்களைப் பழைய முறைப்படி கோடரியால் செதுக்கிக் கூரையை எழுப்பி, மற்ற வேலைகளையும் முடித்துக் கோயிலைத் திறந்தது 2024 டிசம்பரில். ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஜப்பானில் ஷிரகாவா என்னும் மலைக் கிராமத்தில் புல் வேய்ந்த பிரம்மாண்டமான வீடுகள் இருக்கின்றன. முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை கூரை மாற்றுவார்கள். அன்று ஊரே திரண்டு வந்து ஏறிவிடும். நூறு பேருக்கு மேல் கூரைமேல் நின்றுகொண்டு ஒரு பக்கச் சரிவை ஒரே நாளில் வேய்ந்துவிடுவார்கள். கூலி கிடையாது. நாளைக்கு அடுத்த வீட்டுக் கூரைக்கு இவர்கள் போவார்கள். அங்கேயும் ஒரு நாள் வேலைக்குப் பின்னால், புல் அறுத்துச் சேர்த்து உலர்த்திய நீண்ட தயாரிப்பு இருக்கிறது. குப்பத்து ஆயா சொன்ன அதே கணக்கு!

கான்கிரீட்டின் பொறுமை

கான்கிரீட் என்றால் அவசர யுகத்தின் சாமான் என்று நினைக்கிறோம். போடுவது ஒரே நாள்தான். ஆனால் அதன் உண்மையான பலம் அன்று மாலையில் வருவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து ரசாயன மாறுதல் நடந்து இறுகுவதற்கு ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கான்கிரீட்டின் பலத்தை 28-ஆம் நாளில்தான் அளக்கிறார்கள். கட்டட வேலைக்கான இந்தியத் தர விதி எண் 456 சொல்வது இது: சாதாரண சிமெண்டாக இருந்தால் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டுக்கும், வறண்ட வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள். அடியில் நிறுத்திய முட்டுகளை, நாலரை மீட்டர் அகலம் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டால் 14 நாள் ஆகும் வரை எடுக்கக் கூடாது. கலப்புச் சிமெண்டாக இருந்தால் இன்னும் தாமதித்து எடுப்பதே ஜாக்கிரதை.

பலகை வாடகை ஏறுகிறதே என்று முட்டை முன்னாலேயே உருவுகிறவர்கள் உண்டு. தளம் தலையில் இறங்கியது என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அவற்றில் சிலவற்றுக்குக் காரணம் இந்த அவசரம்தான்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. உப்புக் காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த இரும்பு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஆகையால் கம்பிக்கு மேல் கான்கிரீட் மறைப்பு உள்ளூரில் விடுவதைவிடக் கூடுதலாக விட வேண்டும். கடல் மணலையும் உப்புத் தண்ணீரையும் வேலைக்குக் கிட்டேயே சேர்க்கக் கூடாது.

அரை நாளில் போட்டுவிடலாம் என்று கல்நார் ஷீட்டை நாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பல நாடுகள் தடை செய்துவிட்டன. அதன் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். பழைய ஷீட்டைக் கழற்றும்போது அடித்து உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து முழுசாக இறக்க வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அக்கா வீட்டுக் கணக்கு

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குத் திரும்பினேன். ஆவணி முடிய இன்னும் சில நாள்தான். அடுத்தது புரட்டாசி. அதற்கடுத்து ஐப்பசி மழை. நம் பக்கத்தில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மேஸ்திரியின் இரண்டாவது கேள்விக்கு அதுதான் அர்த்தம். பதினைந்து நாள்காரரை நம்பிக் கூரையைத் திறந்து, அது ஐம்பது நாளாக நீண்டால்?

"தை பிறக்கட்டும், அக்கா" என்றேன்.

"அதுவரைக்கும் இது தலையில் விழாமல் இருக்குமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மேஸ்திரி அன்றே உத்தரத்துக்கு அடியில் இரண்டு முட்டுக் கொடுத்தார். மேலே தார்ப்பாய் விரித்துக் கட்டினார். அறையைக் காலி செய்து பூட்டினோம். மழைக்காலம் முழுவதும் அக்கா கூடத்தில் படுத்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே கழித்தாள்.

பொங்கல் கழிந்து வேலை ஆரம்பமாயிற்று. பழையபடி மெத்தையே போடலாம் என்றுதான் எனக்கு ஆசை. நல்ல கட்டைக்கு ஆகிற செலவையும், அந்த வேலை தெரிந்த கைகள் அருகிப் போனதையும் கேட்ட பிறகு கான்கிரீட்டுக்கு ஒப்புக்கொண்டேன். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறை. அக்கா காலண்டரில் குறித்து வைத்த கணக்கு இது:

சாமான் மாற்றி முட்டுக் கொடுக்க 2 நாள். பழைய மெத்தையை மேலிருந்து இடித்து இறக்க 4 நாள். சுவரின் தலையைச் சீராக்க 3 நாள். பலகை அடித்துக் கம்பி கட்ட 4 நாள். கான்கிரீட் போட 1 நாள். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி 14 நாள். சுருக்கித் தளம் போட்டு அடிக்க 3 நாள். அது ஈரத்தில் இருக்க 7 நாள். தட்டோடு பதிக்க 2 நாள். உள்ளே பூச்சுக்கு 3 நாள். வெள்ளையடிக்க 2 நாள். மேஸ்திரி மைத்துனன் கல்யாணத்துக்காக 3 நாள்.

ஆக மொத்தம் 48 நாள். அதில் ஆள் வேலை செய்தது 24 நாள். சும்மா இருந்தது 21 நாள். கல்யாணம் 3 நாள். பதினைந்து நாள்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். காத்திருக்கும் நாளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கூரை கூரையாவது அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான்.

ஆகவே, கூரை மாற்ற உத்தேசித்திருக்கும் நேயர்கள், "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். அதில் வேலை எத்தனை நாள், காத்திருப்பு எத்தனை நாள், கூரையின் ஆயுள் எத்தனை வருஷம் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பிரிப்பதற்கு முன்பே புதுக் கூரைக்கு வேண்டிய சாமான் எல்லாம் வாசலில் வந்து இறங்கிவிட்டதா என்று பாருங்கள். தையில் ஆரம்பித்தால் வெயிலுக்கு முன் முடியும். ஆவணியில் ஆரம்பித்தால் வருண பகவானிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும்.

இந்த ஐப்பசியில் முதல் மழை ஒரு நடுராத்திரியில் பிடித்துக்கொண்டது. அப்போது நான் செங்கல்பட்டில்தான் இருந்தேன். அக்கா திடுக்கிட்டு எழுந்து, தூக்கக் கலக்கத்தில் வாளி, குண்டான், தட்டு மூன்றையும் கொண்டுபோய்ப் பழைய இடங்களில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். காலையில் போய்ப் பார்த்தோம். மூன்றும் காய்ந்து கிடந்தன.

அக்கா வெகு நேரம் மோட்டுவளையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "என்னவோ போ! இந்த மழையை நம்ப முடியாது" என்று சொல்லி, வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.